இருபத்தாறு குடம்

புது அடிபம்பு திறக்கிற இடத்தில் சண்டை நடக்கவில்லை என்றால், அங்கே ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

சவுரிராயன் பதினெட்டு வருடமாக பம்பு பூட்டுகிறவர், கழற்றுகிறவர். அவர் பார்த்த ஊரில் எல்லாம் ரிப்பன் அறுந்து விழுவதற்குள் குடமும் குடமும் மோதிக்கொள்ளும். முதல் குடம் யாருடையது என்பதில் ஆரம்பித்து, போன தலைமுறைச் சண்டை வரைக்கும் வெளியே வரும். ஆலங்குட்டை காலனியிலோ அன்று காலை பெண்கள் ரேஷன் கடையில்கூட நிற்காத ஒழுங்கில் நின்றார்கள். ஒருத்தி ஒரு குடம் பிடித்தாள், நகர்ந்தாள். அடுத்தவள் பிடித்தாள், அதுவும் கழுத்து வரைக்கும் இல்லை, முக்கால் குடம். இரண்டாவது குடத்தோடு ஒருத்தியும் வரவில்லை.

'இது இன்னாடா பேஜாரு' என்று நினைத்துக்கொண்டார் சவுரிராயன்.

1987 மே மாதம். கிளியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேற்கே மூன்று மைல் நடந்து வந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது முழங்கால்கள் வழியெல்லாம் முனகின. அவர் வேலை பார்க்கும் ஊர்நலத் தொண்டு சங்கத்துக்கு விழுப்புரத்தில் தலைமை ஆபீஸ். திண்டிவனத்தில் ஒரு கிளை. கிளைக்கு இவர்தான் சோதனை மெக்கானிக். ஒவ்வொரு கோடை லீவிலும் மெட்ராஸிலிருந்து இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளைகள் தொண்டு செய்ய வருவார்கள். பத்து நாள் முகாம் போட்டு, ஓர் ஊரில் சங்கம் முன்பே போட்டு வைத்த துளையில் பம்பு வைப்பார்கள். கடைசி நாள் சவுரிராயன் வந்து பார்த்து, 'பணி நிறைவு' என்று அச்சடித்த படிவத்தில் கையெழுத்துப் போடுவார். பிள்ளைகள் ரயிலேறிப் போய்விடுவார்கள். அடுத்த வருடம் வேறு பிள்ளைகள், வேறு ஊர். போன வருடத்து ஊர் என்ன ஆயிற்று என்று கேட்க யாரும் வருவதில்லை.

இந்த வருடத்து முகாமுக்குத் தலைவி காந்திமதி என்ற பெண். மூன்றாம் வருடம் படிக்கிறாள். வெயிலில் மூக்கின் தோல் உரிந்திருந்தது. சிமெண்ட் மேடையை ரசமட்டம் வைத்துப் போட்டிருந்தாள். வாய்க்கால் சரிவாக ஓடி வாழைக்கன்றில் போய் முடிந்தது. மேடையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சவுரிராயன் பார்த்தவற்றிலேயே நல்ல மேடை.

பதினைந்தாவது குடத்தோடு வரிசை முடிந்தது. முன்னால் நின்ற வீரம்மாள் என்ற பெண், "போதும்மா, போதும். மீதி சாயந்திரமா புடிச்சிக்கலாம்" என்று கையைத் தட்டினாள். எல்லாரும் சொல்லி வைத்தாற்போல் கலைந்தார்கள்.

மே மாதத்தில், குடிக்கத் தண்ணீர் இல்லாத காலனியில், புது பம்பைப் பார்த்துப் போதும் என்கிறாள் ஒருத்தி.

சவுரிராயன் பம்பை இரண்டு அடி அடித்து, உள்ளங்கையில் தண்ணீரை ஏந்திக் குடித்தார். இனித்தது. இந்தப் பக்கத்துப் பாறையில் எங்கே துளை போட்டாலும் தண்ணீர் நாக்கில் உவர்ப்பாகக் கொஞ்சம் நிற்கும். இது நிற்கவில்லை. கையில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் எடுத்துப் பார்த்தார். பாசி. வெளிச்சம் படுகிற கிணற்றில் மிதக்கிற பாசி, நூற்றிருபது அடி ஆழத்துத் துளைக்குள் எப்படி முளைக்கும்?

அவர் பாசியை வேட்டியில் துடைத்துவிட்டு, வீரம்மாளைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

"வீரம்மா, இங்க வா கொஞ்சம்."

"இன்னாண்ணே, சோறு ஆக்கணும், வேலை கீது."

"தண்ணி இல்லாம எப்படி ஆக்குவ? வா."

வேலிகாத்தான் மர நிழலுக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். கூலி வேலை, காலனியில் நல்லது கெட்டது எதுவானாலும் அவள் வார்த்தைதான் கடைசி.

"இது பெரியதம்பி கிணத்துத் தண்ணி" என்றார் சவுரிராயன்.

"எந்தத் தண்ணி?"

"இப்ப நான் குடிச்ச தண்ணி."

வீரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு ரொம்ப சாதாரணமாக, "இருபத்தாறு கொடம்" என்றாள்.

"யாரு ஊத்தனது?"

"எல்லாருந்தான். நேத்து சாயந்திரம் புள்ளைங்க பைப்பை எறக்கிட்டு, மேல சாக்கைப் போட்டு மூடிட்டுப் போச்சுங்க. பம்பு மண்டையைக் காலைல பூட்டறோம்னு சொல்லிச்சுங்க. எங்க ஊட்டுக்காரரு கயித்துல கல்லைக் கட்டி உட்டுப் பாத்தாரு. கல்லு காய்ஞ்சே மேல வந்திச்சி. இன்னா பண்றது? விடியறதுக்கு முன்ன போயி, பெரியதம்பி மோட்டார் போடறதுக்குள்ள மொண்டாந்து ஊத்தனோம்."

நிலக்காரர் பெரியதம்பியின் கிணறு ஒன்றேகால் மைல், சுற்றுவட்டத்தில் இனிக்கிற கிணறு அது ஒன்றுதான். அவர் மல்லாட்டைப் பயிருக்குப் பாய்ச்சுகிற நாளில் ஒரு குடம்கூடக் கிடைக்காது. அந்தத் தண்ணீரைச் சுமந்து வந்து தரைக்குள் ஊற்றியிருக்கிறார்கள்.

"உங்களுக்கெல்லாம் புத்தி கீதா?"

"கீதுண்ணே. அதனாலதான் ஊத்தனோம்." வீரம்மாள் மேடைப் பக்கம் தலையை ஆட்டினாள். அங்கே காந்திமதி தன் கூட்டாளிகளோடு நின்று பம்பின் கழுத்தில் மாலையைச் சரி செய்துகொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு கையைப் பாத்தியா? கொப்புளம் கொப்புளமா கீது. பத்து நாளா எங்க கேப்பைக் கூழைக் குடிச்சிக்கினு மண்ணு வெட்டிச்சி. அதும் மூஞ்சிய பாத்து, ஒம் பம்புல தண்ணி வரல போன்னு எப்படிண்ணே சொல்றது? அப்பறம், வரலன்னு சொன்னா சங்கத்துக்காரங்க கோச்சிக்கினு இந்தப் பக்கமே வரமாட்டாங்க. பம்பாவது நிக்கட்டும். மழை பேஞ்சா ஊறும்."

அப்போது பாண்டுரங்கனின் குரல் கேட்டது. "சவுரி, எங்கய்யா போய்ட்ட? ஜல்தியா வா."

பாண்டுரங்கன் சங்கத்தின் செயலாளர். விழுப்புரத்திலிருந்து ஜீப்பில் போட்டோக்காரரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. முன்பு வாத்தியார் வேலை பார்த்தவர். சொந்தக் காலில் சைக்கிள் மிதித்து இந்தச் சங்கத்தை வளர்த்தவர். ஆனால் இப்போதெல்லாம் அவருக்கு ஊர்கள் போட்டோக்களாகத்தான் ஞாபகம் இருந்தன. இந்த வருடம் ஏழு போட்டோ வேண்டும். ஆறு வந்துவிட்டது.

"கையெழுத்தைப் போடு. திங்கக்கிழமைக்குள்ள ஒன்றிய ஆபீசுல குடுக்கணும்" என்று படிவத்தை நீட்டினார்.

சவுரிராயன் வாங்கிக்கொண்டார், ஆனால் கை பேனாவைத் தேடவில்லை.

அந்தப் படிவம் ஒன்றிய ஆபீசுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அங்கே நின்றவர்களில் அவருக்கும் பாண்டுரங்கனுக்கும் மட்டும்தான் தெரியும். தண்ணீர் இல்லாத ஊர்களுக்கு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இருநூற்றைம்பது அடிக்குத் துளை போடுகிற பெரிய லாரி அந்தப் பட்டியல்படிதான் ஊர் ஊராக வரும். ஆலங்குட்டைக்கு அதில் பதினோராவது இடம். ஜூனில் இல்லாவிட்டாலும் ஜூலையில் வரும். 'பணி நிறைவு' என்று ஒரு தாள் போனால், ஊரின் பெயர் மேல் ஒரு கோடு விழும். விழுந்த கோட்டை அழிக்க யாராலும் முடியாது.

வேப்பங்கரையில் அப்படித்தான் ஆனது. மூன்று வருடத்துக்கு முன், இதே மாதிரி ஒரு காலை, இதே மாதிரி ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. ஒரு மணி நேரம் நிற்காமல் அடித்துப் பார்க்க வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. யார் அடித்தார்கள்? 'அடித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார் சவுரிராயன். பம்பு நாற்பது நாள் தண்ணீர் கொடுத்தது. வேப்பங்கரை விக்கிரவாண்டிக்கு வடக்கே, மெயின் ரோட்டை ஒட்டிய ஊர். பஸ் அதைத் தாண்டும்போதெல்லாம் அவர் அந்தப் பக்க ஜன்னலில் உட்காருவதில்லை.

"சார், ஒரு மணி நேரம் அடிச்சிப் பாக்கணும்" என்றார்.

பாண்டுரங்கன் சிரித்தார். "இன்னைக்கு இன்னா புதுசா?"

"படிவத்துல போட்டிருக்குது சார்."

"பதினஞ்சு குடம் வந்துச்சே. என் கண்ணால பார்த்தேன்."

"பாத்தீங்க. யாராவது சண்டை போட்டாங்களா?"

பாண்டுரங்கனின் சிரிப்பு குறைந்தது. அவரும் நாற்பது ஐம்பது பம்பு திறந்தவர்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சவுரி, எனக்குப் புரியாம இல்ல. மழை வந்தா ஊறிடும்யா. ஏழு ஊருன்னு எழுதிக் குடுத்துட்டேன். இந்தப் பசங்க இன்னைக்கு சாயந்திரம் ரயிலேறணும். இப்பப் போயி அதுங்களை அழ வைக்கணுமா?"

அதையேதான் வீரம்மாளும் சொன்னாள். ஒரே இரக்கம் இரண்டு பேர் வாயிலிருந்தும் வந்ததைக் கேட்க சவுரிராயனுக்கு அலுப்பாக இருந்தது. எல்லாரும் எல்லாருக்கும் இரக்கப்பட்டே பதினெட்டு வருடம் போய்விட்டது. தண்ணீர்தான் வரவில்லை.

மறுபடி வேலிகாத்தான் நிழலுக்குப் போனார்.

"வீரம்மா, நான் இதுல கையெழுத்துப் போட்டா உங்க ஊரு பேரை அடிச்சிடுவாங்க."

"எதுல?"

"பெரிய லாரி வருதில்ல, ஆழமா போடற லாரி. அதோட லிஸ்ட்டுல. பம்பு வந்தாச்சு, தண்ணி வந்தாச்சுன்னு ஆயிடும். அப்பறம் உன் பேத்தி காலத்துலதான் திரும்ப எழுதுவாங்க."

வீரம்மாள் அவரையே பார்த்தாள். "இத்த யாரும் எங்ககிட்ட சொல்லலியே."

"நானும் சொன்னதில்ல" என்றார் சவுரிராயன். "வேப்பங்கரைலகூட சொல்லல."

"அங்க தண்ணி வருதா?"

"இல்ல."

அவள் காலால் மண்ணைத் தேய்த்தாள். பிறகு, "அப்ப கையெழுத்துப் போடாதண்ணே. போடலன்னு கமுக்கமா போயிடு. அந்தப் பொண்ணு போன பெறகு சொல்லிக்கலாம்" என்றாள்.

"நான் போடலன்னா வேற மெக்கானிக்கை வச்சிப் போட வெப்பாங்க. சாயந்திரம் நீங்க இன்னும் பத்து கொடம் ஊத்துவீங்க. அவனும் போட்டுட்டுப் போவான்."

வீரம்மாள் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு மேடையை நோக்கி நடந்தாள். போகிற வழியில் ஒரு காலிக்குடத்தை எடுத்துக்கொண்டாள்.

பம்பின் வாயில் குடத்தை வைத்து அடிக்க ஆரம்பித்தாள்.

பதினாறாவது குடம் நிறைந்தது. அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அடுத்ததை வைத்தாள். கூட்டத்தில் பேச்சு அடங்கியது. "ஏய் வீரம்மா, போதும்டி" என்று யாரோ பதறினார்கள். அவள் திரும்பவில்லை. பதினேழு. பதினெட்டு. அவளுடைய புருஷன் மண்ணாங்கட்டி ஓடி வந்து, "உனுக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்குது?" என்று கையைப் பிடித்தான். அவள் தோளால் அவனை ஒதுக்கினாள்.

பத்தொன்பதாவது குடம் பாதியில் நின்றது. பம்பு ஒரு முறை இருமியது. கைப்பிடி கனம் போய் லேசாக மேலும் கீழும் ஆடியது. காற்று வந்தது. வீரம்மாள் நிறுத்தவில்லை. இருபது தடவை, முப்பது தடவை அடித்தாள். இரும்பு கிறீச்சிட்டது.

பிறகு கைப்பிடியை விட்டாள். மூச்சு வாங்கியது.

"காந்திமதி, கோச்சிக்காத" என்றாள். "நாங்கதான் ஊத்தனோம். இருபத்தாறு கொடம்."

காந்திமதி பம்பையும் வீரம்மாளையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது. அழுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் தோள்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வேகமாகப் பக்கம் புரட்டினாள்.

"ஜனவரியில முப்பத்தெட்டு அடியில தண்ணி இருந்தது. போரிங் போட்ட அன்னிக்கு அளந்து எழுதியிருக்கு" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை.

"ஜனவரில இங்க வயல்லயே தண்ணி நிக்கும்மா" என்றார் சவுரிராயன்.

"பதினேழு வீட்டுலயும் கேட்டேன் சார். பம்பு வந்தா தண்ணி வரும்தானேன்னு கேட்டேன். எல்லாரும் நல்லா வரும்னாங்க."

"நீ கேட்டா அப்படித்தாம்மா சொல்லுவோம்" என்றாள் வீரம்மாள். "நீ விருந்தாளியாச்சே."

காந்திமதி நோட்டை மூடினாள். இரண்டு நிமிடம் மேடையின் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் போட்ட மேடை. ரசமட்டம் ஒரு நூல்கூடப் பிசகாத மேடை. பிறகு எழுந்து வந்து சவுரிராயன் கையிலிருந்த படிவத்தை வாங்கினாள். 'தண்ணீர் வருகிறதா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, 'மே மாதத்தில் அளக்கவில்லை. தவறு எங்களுடையது' என்று கீழே சேர்த்துக் கையெழுத்திட்டாள்.

"உங்க கையெழுத்து மட்டும் தனியா இருக்க வேணாம் சார்" என்றாள்.

பதினெட்டு வருடத்தில் அவரிடம் இப்படி யாரும் சொன்னதில்லை. அவள் நீட்டிய படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "மேடை நல்லாருக்குதும்மா" என்றார்.

பாண்டுரங்கன் அதற்குள் ஜீப்பில் ஏறியிருந்தார். "படிவம் உன்கிட்ட ஒண்ணுதான் இருக்குன்னு நினைக்காத சவுரி. ரெண்டு நாள்ல ஊறிடும். அப்ப வேற ஆளை அனுப்பறேன்" என்றார். கோபம்கூட இல்லை, அவரும் களைத்துத்தான் போயிருந்தார். ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

சவுரிராயன் பையைத் திறந்தார். மாலையை எடுத்து வீரம்மாள் கையில் கொடுத்தார். மண்டையின் மூடியைத் திறந்து, சங்கிலியைப் பிரித்து, அச்சைத் தட்டிக் கழற்றி, கைப்பிடியை உருவினார். நீளமான இரும்புக் கம்பி, பதினைந்து கிலோவுக்குக் குறையாது.

"அத்த ஏன்ணே எடுக்கற?" என்றான் மண்ணாங்கட்டி.

"கைப்பிடி இல்லாத பம்புக்கு எவனும் கையெழுத்துப் போட முடியாது. சாமான் என் பொறுப்பு. ரிப்பேருன்னு எழுதிக்கினு எடுத்துக்கினு போறேன்." கம்பியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். "லாரி வர்ற அன்னிக்குக் கொண்டாந்து பூட்டறேன்."

"லாரி வருமா?" என்றாள் வீரம்மாள்.

"தெரியல. பேரு இருக்கும். அதுவரைக்குந்தான் என்னால சொல்ல முடியும்."

கிளியனூர் வரைக்கும் மண்ணாங்கட்டி கம்பியைச் சுமந்து வந்தான். திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ்ஸுக்கு மாறும்போது கண்டக்டர் வழிமறித்தார்.

"இன்னா பெரியவரே இது? யாரை அடிக்கக் கிளம்பினீங்க?"

"யாரையும் இல்லப்பா. பம்பு கைப்பிடி."

"பம்பு எங்க?"

"அது அங்கியே கீது. தண்ணி இல்ல."

"அப்ப கைப்பிடி மட்டும் எதுக்கு ஊரு சுத்துது?" கண்டக்டர் சிரித்துக்கொண்டே அதைக் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளினார். உட்கார அந்த ஒரு இடம்தான் இருந்தது. சவுரிராயன் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தார், அது வேப்பங்கரைப் பக்கத்து ஜன்னல். விக்கிரவாண்டிக்கு முன்னால் பஸ் வேகத்தைக் குறைத்தபோது, ரோட்டோரம் தலையில் குடத்தோடு நான்கு பெண்கள் நடந்து போனார்கள். அவர்களுக்குப் பின்னால் தெரிந்த பம்பில் யாரோ கோரைப்பாயைக் காயப் போட்டிருந்தார்கள்.

விழுப்புரம் ஆபீசுக்குள் நுழைந்தபோது மணி நாலரை. சுவரில் வரிசையாகப் போட்டோக்கள்: பம்பு, மாலை, சிரிக்கிற பிள்ளைகள், பம்பு, மாலை, சிரிக்கிற பிள்ளைகள். சவுரிராயன் அதன் கீழே கைப்பிடியைச் சாய்த்து வைத்தார். காந்திமதி எழுதிய படிவத்தில் தன் கையெழுத்தையும் போட்டு மேஜை மேல் வைத்தார்.

பாண்டுரங்கன் படிவத்தைப் படித்தார். கைப்பிடியைப் பார்த்தார். மேலே மின்விசிறி தட்டித் தட்டிச் சுற்றியது.

"ஆறு பம்புதான் இருக்குதுன்னு எழுத வேண்டியதுதான்" என்றார் கடைசியில்.

"அந்த ஆறுல தண்ணி வருதா சார்?"

பாண்டுரங்கன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "வந்த வேலை முடிஞ்சிதில்ல? போய்யா."

"முடியல சார். இன்னொரு படிவம் வேணும்."

"எந்த ஊருக்கு?"

"வேப்பங்கரை."

"அதான் மூணு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சே."

"முடிஞ்சிதுன்னு எழுதனது நான்தான் சார்."

"அடிச்ச கோட்டை அழிக்க மாட்டாங்க சவுரி. உனக்கே தெரியும்."

"தெரியும் சார். எழுதிக் கேக்காமலே அது எப்படித் தெரியும்னு ஒரு சந்தேகம்."

பாண்டுரங்கன் அவரைப் பார்க்காமல் இழுப்பறையைத் திறந்தார். அடியில் கிடந்த ஒரு படிவத்தை எடுத்து மேஜை மேல் தள்ளினார்.

சவுரிராயன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் கடுத்தது. பேனா எழுதவில்லை. உதறி, படிவத்தின் ஓரத்தில் இரண்டு முறை கிறுக்கிப் பார்த்தார். மூன்றாவது முறை மை வந்தது. ஊர் பெயர் என்ற இடத்தில் வேப்பங்கரை என்று நிதானமாக எழுதினார்.